தேற்றரவு யாருக்கு? காரைக்கால் குருவும் ஒரு சுவரும்

'எல்லாம் ஆண்டவர் சித்தம்.' காரைக்கால் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் இந்த வார்த்தையைக் கேட்காமல் ஒரு வாரம் போகாது. பொண்ணுக்கு வந்த வரன் தட்டிப்போனால் ஆண்டவர் சித்தம். பையனுக்கு பிரான்சுக்கு விசா கிடைத்தால் அதுவும் ஆண்டவர் சித்தம். இப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நம்மில் பலர் சிரித்தும் இருக்கிறோம். ஆனால் 2004 டிசம்பர் 26 காலையில், கிறிஸ்துமசுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரிகர்களையும் காரைக்கால் கடற்கரைக் குப்பங்களின் பிள்ளைகளையும் கடல் வாரிக்கொண்டு போனபோது, இதே வார்த்தை பலருடைய தொண்டையில் சிக்கிக்கொண்டது. சொல்ல வாய் வரவில்லை. சொன்னவர்களைக் கேட்டவர்கள் மன்னிக்கவும் இல்லை.

அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நடந்து முடிந்த ஒன்றின் மேல் 'சித்தம்' என்று முத்திரை குத்தும்போது அது விதி என்பதன் இன்னொரு பெயராகிவிடுகிறது. நடக்கப்போகிற ஒன்றின் முன்னால் நின்று 'நான் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்கும்போது அதே சொல் வேறு வேலை செய்கிறது. கேட்பவரை அது ஒரு தேர்வுக்கு முன்னால் நிறுத்துகிறது. கிறிஸ்தவ மரபில் இறைச்சித்தத்தைத் தேர்ந்து தெளிதல் என்று பேசப்படுவது இந்த இரண்டாவது விஷயம். பழைய ஜெபப் புத்தகங்களில் 'சித்தம்' என்று இருந்ததை 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'திருவுளம்' என்று மாற்றியது. சொல் மாறியது. யார் சொன்னால் அது திருவுளம், யார் சொன்னால் அது கலகம் என்ற அதிகாரம் மாறியதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கடவுள் நம்பிக்கை இல்லாத தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 'வரலாற்றின் சித்தம்' இன்னதுதான் என்று தீர்மானம் போட்டுவிட்டு, எதிர்த்துக் கேட்டவரை வெளியே அனுப்பிய அனுபவம் நம் இயக்கங்களுக்கும் உண்டு. ஒரு கூட்டம் தனக்கு மேலான ஒன்றின் பெயரால் முடிவெடுக்கும்போது, அந்த முடிவைச் சோதித்துப் பார்க்க அதனிடம் என்ன கருவி இருக்கிறது? பிரச்சினை இதுதான். கிறிஸ்தவ மரபு அப்படியொரு கருவியைச் செய்து வைத்திருக்கிறது. அதை எங்கே பயன்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்கலாம்.

1

அந்தக் கருவியைச் செய்தவர் ஒரு சிப்பாய். 1521இல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்த லொயோலா இஞ்ஞாசியார், படுக்கையில் கிடந்தபோது படிக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவை கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர்களின் வரலாறும்தான். படித்துக்கொண்டும் பகல்கனவு கண்டுகொண்டும் கிடந்தவர் ஒன்றைக் கவனித்தார். வீரப் பிரதாபங்களையும் ஒரு சீமாட்டியையும் நினைக்கும்போது மனசுக்கு இனிப்பாக இருக்கிறது. நினைப்பு கலைந்ததும் வறண்டுபோகிறது. பிரான்சிஸ்கு, சாமிநாதர் போல வாழ்ந்தால் என்ன என்று நினைக்கும்போதும் இனிப்பாக இருக்கிறது. அந்த நினைப்பு போன பிறகும் மகிழ்ச்சி தங்குகிறது. இவ்வளவுதான் கண்டுபிடிப்பு. உணர்ச்சியை அது வரும் நேரத்தில் எடை போடாதே, அது விட்டுப்போகிற தடத்தைப் பார் என்றார். இதிலிருந்து வளர்ந்த அவருடைய 'ஆன்மப் பயிற்சிகள்' 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. இன்றும் குருக்கள், கன்னியர் மட்டுமல்லாமல் இல்லறத்தாரும் ஞான ஒடுக்கத்தில் உட்கார்ந்து செய்வது இந்தப் பயிற்சிகளைத்தான்.

அதில் இரண்டு கலைச்சொற்கள் மையமானவை. ஒன்று ஆறுதல் அல்லது தேற்றரவு: நம்பிக்கையும் அன்பும் கூடி, மனம் தன்னைவிடப் பெரிய ஒன்றை நோக்கித் திறக்கும் நிலை. மற்றது அதன் எதிர்நிலை: இருட்டு, சோர்வு, தன்னுள் சுருங்கிக்கொள்ளுதல். காரைக்காலின் பெரிய கோயில் தூய தேற்றரவு அன்னையின் பெயரில் இருக்கிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தேற்றரவு இந்த ஊருக்குப் புதுச்சொல் இல்லை.

தேற்றரவு வந்தால் கடவுள், கலக்கம் வந்தால் பிசாசு என்று இஞ்ஞாசியார் எழுதியிருந்தால் இந்த நூலை மறந்துவிடலாம். அவர் எழுதியது அதைவிடக் கூர்மையானது. ஒருவர் எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்து இந்த அடையாளங்கள் தலைகீழாகும் என்கிறார். பாவத்திலிருந்து பாவத்துக்கு நடக்கிறவரைத் தீய ஆவி தட்டிக்கொடுக்கும், சுகமாக வைத்திருக்கும்; நல்ல ஆவி முள்ளாகக் குத்தும். நன்மையில் வளர்கிறவருக்கு இது மாறி நிகழும்: நல்ல ஆவி பஞ்சில் விழும் தண்ணீர்த் துளி போல மெதுவாக இறங்கும், தீய ஆவி கல்லில் விழும் தண்ணீர் போலச் சத்தம் போடும். போதாததற்கு, நல்லவர்களை ஏமாற்ற வரும் தீய ஆவி ஒளியின் தூதன் வேஷத்தில்தான் வரும், பக்தியான எண்ணத்தோடு ஆரம்பித்துத் தன் காரியத்தில் முடிக்கும் என்றும் எச்சரிக்கிறார்.

ஆக, 'நமக்குள் சமாதானமாக இருக்கிறது, எனவே இது கடவுளின் சித்தம்' என்ற வாதம் இந்த மரபின்படியே செல்லாது. சமாதானம் எங்கிருந்து வருகிறது, யாருக்கு வருகிறது, எதை மூடி மறைத்துக்கொண்டு வருகிறது என்று கேட்டாக வேண்டும். இஞ்ஞாசியார் தனிமனிதருக்கு வகுத்த விதி இது. இதை ஒரு பங்குக்கு, ஒரு சபைக்குப் பொருத்திப் பார்த்தால் என்ன ஆகும்? அதற்கு முன்னால், தெளிதலின் இலக்காகச் சொல்லப்படும் 'பரிசுத்தம்' நம் மண்ணில் என்ன அர்த்தத்தில் விளைந்தது என்று பார்க்க வேண்டும்.

2

தமிழில் இந்த விஷயத்தைச் சொல்ல வந்தவர்கள் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள். பரிசுத்தம், தூய்மை, புனிதம் என்று எதை எடுத்தாலும் அதன் மறுபக்கத்தில் 'தீட்டு' வந்து உட்கார்ந்துகொள்கிறது. எபிரேய விவிலியத்தில் புனிதத்தைக் குறிக்கும் சொல்லிலும் 'பிரித்து வைத்தல்' என்ற பொருள் உண்டு. கடவுளுக்கென்று பிரித்து வைப்பதை, இன்னொரு மனிதரிடமிருந்து பிரித்து வைப்பதாகப் படித்துக்கொள்ள சாதிச் சமூகத்துக்கு எந்தச் சிரமமும் இல்லை. நற்செய்திகளில் இந்தப் போக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. தொழுநோயாளியை இயேசு தொடுகிறார். உதிரப்போக்குள்ள பெண் அவரைத் தொடுகிறார். இவரிடமிருந்து அவருக்குத் தீட்டு ஒட்டவில்லை. அவருக்கு இவரிடமிருந்து சுகம் போகிறது. புனிதம் இங்கே தொற்றுகிற சங்கதி. பாதுகாத்து வைக்கிற சங்கதி இல்லை.

தமிழ்நாட்டு மிஷனின் வரலாற்றில் இந்த இரண்டு வாசிப்புகளும் மோதிக்கொண்டன. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக வழக்கங்கள், மத அடையாளங்கள் அல்ல என்று வாதாடினார். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அதை ஏற்றார். உயர்சாதியினரிடையே பணியாற்ற ஒருவகைத் துறவி, மற்றவர்களுக்குப் பண்டாரச் சாமி என்று குருக்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். எச்சில் தீட்டு என்பதால் ஞானஸ்நானத்தில் உமிழ்நீர் தொடும் சடங்கும் ஊதும் சடங்கும் கைவிடப்பட்டன. பறையர் குடிசைக்குள் போய் நோயாளிக்குக் கடைசித் திருவருட்சாதனம் கொடுக்கத் தயங்கினார்கள். 1704இல் புதுச்சேரியிலிருந்து பாப்பரசரின் தூதர் துர்னோன் போட்ட ஆணை இவற்றைத் தடைசெய்தது. மாதவிலக்கான பெண்களைக் கோயிலிலிருந்தும் திருவருட்சாதனங்களிலிருந்தும் விலக்கி வைப்பதையும் அது தடைசெய்தது. நாற்பது ஆண்டு வழக்காடிய பிறகு, 1744 செப்டம்பரில் பதினான்காம் பெனடிக்ட் 'மலபார் சடங்குகள்' பற்றிய கடைசித் தீர்ப்பைக் கொடுத்தார். அதிலும் ஒரு சமரசம் இருந்தது: பறையருக்கென்று தனியாகச் சில குருக்களை ஒதுக்க இயேசு சபையார் முன்வைத்த யோசனையை அவர் ஏற்றுக்கொண்டார். தீட்டைக் கண்டிக்கிற தீர்ப்புக்குள்ளேயே தீட்டுக்கு ஒரு தனி வாசல் திறந்துவிடப்பட்டது.

கவனிக்க: இவர்கள் யாரும் போலிகள் இல்லை. தெ நொபிலியைப் போல ஒடுங்கித் தவம் செய்தவர்கள் குறைவு. இஞ்ஞாசியாரின் பயிற்சிகளை வருஷந்தோறும் செய்தவர்கள் இவர்கள். ஆத்துமாக்களை இரட்சிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு தொடங்கிய ஒன்று எங்கே போய் முடிந்தது என்று பார்க்க அவர்கள் கையிலேயே விதி இருந்தது. ஆனால் அந்த விதியை அவர்கள் தனி ஆத்துமாவுக்குள் மட்டும் பிரயோகித்தார்கள். ஞான ஒடுக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு, ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் தெளிதலின் பகுதியாகத் தோன்றவில்லை.

புனிதத்துக்கு வேறு மொழி இந்த ஊரில் இல்லாமல் இல்லை. காரைக்காலம்மையார் இந்த மண்ணின் வணிகக் குடும்பத்துப் பெண். மாங்கனி அற்புதத்தைக் கண்டு பயந்துபோன கணவன் விட்டு விலகியதும், தசையும் அழகும் கழித்துப் பேயுருவம் கேட்டு வாங்கி, திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் போய் நின்றார். எது ஊருக்குத் தீட்டோ அதையே தன் இடமாகத் தேர்ந்தவர். இன்றும் ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் காரைக்காலே திரண்டு நிற்கிறது. அவர் சைவர், அவரைக் கிறிஸ்தவராக்கும் உத்தேசம் இல்லை. தூய்மையும் புனிதமும் ஒன்றில்லை என்ற அறிவு தமிழுக்கு வெளியிலிருந்து இறக்குமதியானதில்லை என்பதைச் சொல்லவே இங்கு குறிப்பிடுகிறேன்.

3

பெனடிக்டின் தீர்ப்பு வந்து ஓராண்டு கழித்து, 1745 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு சம்பவம். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சம்பாக் கோயில் என்று மக்கள் சொன்ன புனித பவுல் கோயிலில், கட்டின நாளிலிருந்தே வடபுறமாக ஒரு சுவர். ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள்; மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், சட்டைக்காரர்கள், ஐரோப்பியர்கள். இதுதான் வழக்கம். காரைக்காலிலிருந்து ஒரு குரு புதுச்சேரிக்கு வருகிறார். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து அப்போது ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் இந்தச் சுவர் கூடாது என்கிறார். பறையர்களும் தோட்டிகளும் கூட்டமாகத் திரண்டு பெரிய குருவிடம் போகிறார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, ஆண்டவர் பார்க்காத வித்தியாசத்தை நீங்கள் ஏன் பார்க்கிறீர்கள் என்ற பொருள்பட முறையிடுகிறார்கள். குருவுக்கு நியாயமாகப் படுகிறது. சுவர் இடிக்கப்படுகிறது. எல்லோரும் கலந்து உட்காருகிறார்கள்.

இந்தப் பதிவைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். எழுதியவர் கிறிஸ்தவர் இல்லை. சேரியின் நண்பரும் இல்லை. கிறிஸ்தவரான தலைமைத் துபாஷி கனகராய முதலியாரோடு அவருக்குப் போட்டி உண்டு. அவருடைய பிரதியில் அந்தக் கூட்டத்துக்குப் பெயர்கள் இல்லை. சேரியிலிருந்து ஒரு கேள்வி எழுந்தால், அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரக் குரு இருந்தாக வேண்டும் என்கிற மாதிரிதான் கதை நகர்கிறது. ஆனால் அந்தப் பிரதிக்குள்ளேயே ஒரு வெடிப்பு இருக்கிறது. கூட்டமாகப் போய், வேதத்தைச் சுட்டி, குருவின் தர்க்கத்தைக் கொண்டே குருவை மடக்கிய வாதம் அந்த மக்களுடையது. அன்றைக்கு அந்தக் கோயிலில் இறைச்சித்தத்தைத் தெளிந்து சொன்னவர்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் இவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

இஞ்ஞாசியாரின் நூலில் முடிவெடுக்கத் திணறுகிறவருக்கு ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது: முன்பின் பார்த்திராத ஒரு மனிதரைக் கற்பனை செய்து, அவருக்கு நீ என்ன ஆலோசனை சொல்வாய் என்று கேட்டுப் பார், அதையே நீயும் செய். நல்ல யோசனைதான். ஆனால் சம்பாக் கோயிலில் கற்பனைக்குத் தேவையே இல்லை. முன்பின் பார்த்திராத மனிதர்கள் ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் ஞாயிறுதோறும் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

சுவர் விழுந்ததும் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். இஞ்ஞாசியாரின் உவமைப்படி, கல்லில் தண்ணீர் விழுந்த சத்தம். அவர்களைக் கேட்டிருந்தால் மனச்சமாதானம் போய்விட்டது, பக்தி கெட்டுவிட்டது, கோயிலே கலங்கிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். உண்மையாகவே அப்படி உணர்ந்தும் இருப்பார்கள். அந்தக் கலக்கத்தைத் தீய ஆவியின் வேலையாகப் படிப்பதா, முள்ளாகக் குத்தும் நல்ல ஆவியின் வேலையாகப் படிப்பதா? அவர்கள் எந்தத் திசையில் நடந்துகொண்டிருந்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. சுவரே அந்தத் திசையைக் காட்டிக்கொண்டிருந்தது.

கதை இத்தோடு முடிந்தால் நமக்கு ஒரு கதாநாயகக் குரு கிடைப்பார். முடியவில்லை. மெல்லிய மஸ்லின் சேலையும் நகைகளும் அணிந்து வந்த ஒரு பெண்ணை, கனகராய முதலியார் குடும்பத்து உறவுக்காரரை, குரு மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் ஏசினார் என்றும் டைரி சொல்கிறது. சண்டை பெரிதாகி கவர்னர் துய்ப்ளேக்ஸ் வரை போயிற்று. சாதித் தீட்டின் சுவரை இடித்த சபைக்கு, பெண்ணின் உடம்பை வைத்து இன்னொரு சுவர் எழுப்ப நேரம் ஆகவில்லை. தீட்டை ஒரு கதவு வழியாக வெளியே தள்ளினால் ஒழுக்கம் என்ற பெயரில் அடுத்த கதவு வழியாக உள்ளே வருகிறது. ஒரு நல்ல முடிவெடுத்தவருக்கு அடுத்த முடிவும் தானாக நல்லதாக அமையும் என்ற உத்தரவாதம் கிடையாது. புனிதத்தில் 'வளர்தல்' என்கிறார்களே தவிர 'அடைந்துவிடுதல்' என்று சொல்வதில்லை. காரணம் இதுதான் போலும்.

மூன்று வருஷம் கழித்து இன்னொரு இடிப்பு. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையை எதிர்பார்த்துக்கொண்டிருந்த வேளையில், சம்பாக் கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. கேர்து பாதிரியார் பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து லிங்கத்தை உடைத்ததை ஆனந்தரங்கப் பிள்ளை வேதனையோடு எழுதுகிறார். இதே கேர்துதான் பிற்பாடு 1767இல் சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி பிரெஞ்சுக் கழகத்துக்கு எழுதிய அறிஞர். அவரும் கடவுளின் சித்தத்தைச் செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

இரண்டு இடிப்புகளுக்கும் என்ன வித்தியாசம்? பக்தி வைராக்கியத்தின் அளவில் வித்தியாசம் தேடினால் கிடைக்காது. முதலாவதில், சுவரால் வெளியே நிறுத்தப்பட்டவர்களே வந்து கேட்டார்கள். அதற்கான விலையைச் சபை தன்னிடமிருந்து கொடுத்தது, தன் பெரிய மனிதர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டது. இரண்டாவதில் கேட்டவர் ஒருவரும் இல்லை. கவர்னரின் ஆயுதபலம் பின்னால் நின்றது. விலையைக் கொடுத்தவர்கள் வேறு மக்கள். யார் கேட்கிறார்கள், யார் விலை கொடுக்கிறார்கள் என்ற இந்த இரண்டு கேள்விகளும் பயிற்சி நூலில் இந்த வடிவில் இல்லை. நம் வரலாறு அதில் எழுதிச் சேர்க்க வேண்டியவை இவை.

4

அதே 1745ஆம் ஆண்டு மே மாதம், தெற்கே வடக்கன்குளத்தில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கலாம். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை, குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்த டி லனாயிடம் பேசிப் பேசி, யோபுவின் கதை கேட்டு மனம் மாறி, மே 14 அன்று இயேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றார். பெற்ற பெயர் லாசர், தமிழில் தேவசகாயம். லூக்கா நற்செய்தியின் உவமையில் பணக்காரன் வாசலுக்கு வெளியே கிடக்கும் பிச்சைக்காரனின் பெயரும் அதுதான்.

அவருடைய வளர்ச்சி ஒரே நாளில் நடந்ததில்லை. ஞானஸ்நானத்துக்கும் 1749இல் கைதானதற்கும் நடுவே நாலு வருஷம். பிறகு சிறை, எருமை மேல் ஏற்றி ஊர்வலம், அடி. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மதம் மாறியது மட்டும் அவர்மேல் கோபத்தை வரவழைக்கவில்லை. தாழ்ந்த சாதியாரோடு வித்தியாசம் பாராமல் கலந்து உண்டு பழகியதும் அதே அளவுக்கு ஆத்திரமூட்டியது. அவரைப் பொறுத்தவரை ஆண்டவரின் சித்தம் என்ன என்பது யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதில் தெரிந்தது. உடம்பால் தெளிந்த தெளிவு அது.

அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த வடக்கன்குளத்தில் என்ன நடந்தது? 1872இல் முடிந்த புதுக் கோயில், இரண்டு சாதிப் பிரிவுகளுக்கு இரண்டு கிளைகளாக, நடுவே சுவரோடு கட்டப்பட்டது. மேலிருந்து பார்த்தால் கால்சட்டை போலிருக்கும் என்பார்கள். 1910இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். வழக்கு, வம்பு எல்லாம் வந்தது. 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்த பொதுநிலையினரில் முதல் புனிதர். அதற்கு முன்பே, அவர் பெயருக்குப் பின்னாலிருந்த 'பிள்ளை' என்ற சாதிப்பெயரை எடுக்க வேண்டும் என்று எழுந்த கோரிக்கையை ரோம் ஏற்றது. ஒரு புனிதர் பட்டத்திலிருந்து சாதியைக் கழற்ற இருநூற்றெழுபது வருஷம் ஆயிற்று.

5

இன்றைய நிலைமைக்கு வருவோம். காரைக்கால் அடங்கிய புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில்தான் எறையூர் இருக்கிறது. 2008 மார்ச்சில், பாகுபாடு பொறுக்காமல் தனிப் பங்கு கேட்டுப் போராடிய தலித் கிறிஸ்தவர்கள் மீது வன்னியர் கிறிஸ்தவர்கள் தாக்குதல் நடத்தினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் வன்னியர்கள். ஒரே ஜெபமாலையை உருட்டிய கைகள்தான் கல் எறிந்தன. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசிய இரண்டாம் யோவான் பவுல், சாதி வேற்றுமை உண்மையான மானுட ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று சொல்லியிருந்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமை சபைக்குள்ளேயே இருப்பதை ஒப்புக்கொண்டது. வெளியே 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, கிறிஸ்தவரான தலித்தை அட்டவணைச் சாதியிலிருந்து தள்ளி வைக்கிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு அவருக்குத் திறக்கவில்லை. அரசுக்கு அவர் தலித் இல்லை. பங்குக்கு அவர் தலித் மட்டும்தான்.

இந்த நிலையில் பங்குக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு: 'அவசரப்படாதீங்க, காலம் கனியட்டும். கலங்கின மனசோட முடிவெடுக்கக் கூடாதுன்னு புனிதரே சொல்லியிருக்காரு.' உண்மைதான், இருண்ட வேளையில் ஏற்கெனவே எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி. ஆனால் சுவர் எப்போது 'நல்ல தீர்மானமாக' இருந்தது? தெளிந்த வேளையில் எடுத்த முடிவைக் காப்பாற்றச் சொன்ன விதியை, ஒருபோதும் தெளிந்தெடுக்காத வழக்கத்தைக் காப்பாற்றப் பயன்படுத்துவது மோசடி. அதுவும் ஒளியின் தூதன் வேஷம்தான்.

இந்தக் கருவியின் முதல் நிபந்தனையே பற்று விடுதல். செல்வமோ வறுமையோ, மரியாதையோ அவமானமோ, எது வந்தாலும் சரி என்று மனம் சமநிலைக்கு வந்த பிறகுதான் தெளிதலே தொடங்கும் என்கிறார் இஞ்ஞாசியார். ஒழுங்கற்ற பற்று இருக்கிறவரை நாம் முதலில் நம் ஆசையைத் தேர்ந்துவிட்டு, பிறகு கடவுளை அதற்கு இழுத்துக்கொண்டு வருவோம். பணம், பதவி, உறவு என்று பற்றுகளைப் பட்டியல் போடுகிற தியானப் பிரசங்கங்களில் சாதி இடம்பெறுவது அபூர்வம். கூந்தலை எப்படி முடிவது என்பதைக்கூட ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவமாகச் சொன்ன தலைமுறை, கல்லறைத் தோட்டத்துத் தடுப்புச் சுவரைப் பாவமாகச் சொல்லவில்லை. சாதி பாவமாக வகைப்படுத்தப்படவே இல்லை, அது 'வழக்கம்'. வழக்கத்துக்கு மனஸ்தாபம் தேவைப்படாது.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஒரு அதிகாரம் உண்டு, 51ஆவது. ஒருவரை நம்பிப் பொறுப்புக் கொடுக்கும் முன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கிலும் சோதிக்கச் சொல்கிறது அது. அதை நம் பங்குக் கூட்டங்களுக்குக் கடன் வாங்கலாம். ஒரு முடிவு 'இறைச்சித்தம்' என்று மேசைக்கு வரும்போது சாதாரணமாகவே கேட்கலாம். இதனால் யாருக்கு வருமானம்? யாருக்குச் சுகம்? யார் பயந்துபோய் வாய் மூடி இருக்கிறார்கள்? இந்தக் கூட்டத்துக்கு யார் அழைக்கப்படவில்லை? முடிவெடுத்து ஆறு மாசம் கழித்து, சேரித் தெருவில் தேற்றரவு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பதில் அந்தத் தெருவில்தான் கிடைக்கும், குருமனையில் கிடைக்காது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல், புனிதத்துக்கான அழைப்பு துறவிகளின் ஏகபோகம் இல்லை, எல்லோருக்கும் பொது என்று சொன்னது. இயேசு சபையிலிருந்தே வந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் இதே பொருளில் ஒரு மடல் எழுதி, அடுத்த வீட்டுப் புனிதர்களைப் பற்றிப் பேசினார். தெளிதலைத்தான் அதன் கடைசிப் பகுதியாக வைத்தார். நம்மூரில் அடுத்த வீடு என்பது ஒரே சாதித் தெருவுக்குள் இருக்கிற வீடு. அந்த மடலைத் தமிழ்நாட்டில் வாசிக்கும்போது அடுத்த தெரு என்று திருத்தி வாசிக்க வேண்டும்.

1745இல் பெரிய குருவின் வாசலில் போய் நின்றவர்களின் பெயர்களை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைக்கவில்லை. அவர்களுக்குப் புனிதர் பட்டம் கேட்டு யாரும் மனுப் போடப் போவதும் இல்லை. அவர்கள் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் ஒவ்வொரு பங்கிலும் கிடக்கிறது. ஆகஸ்டு மாசம் கொடியேற்றி, தேர் ஜோடித்து, பத்து நாள் நவநாள் பிரசங்கத்தில் புனிதத்தில் வளர்வதைப் பற்றிப் பேசும்போது, உங்கள் பங்கில் அந்தத் தேர் எந்தத் தெரு வரைக்கும் வந்து திரும்புகிறது என்று ஒருதடவை கூடவே நடந்து பாருங்கள். அது திரும்புகிற முனையில் நின்றுகொண்டு ஆண்டவரின் சித்தம் என்ன என்று கேட்டால், கேட்பதற்கும் பதில் சொல்வதற்கும் அங்கே ஆட்கள் இருப்பார்கள்.